பாலைவனப் புதர்களைப் பெயர் சொல்லி அழைத்த பேரறிஞர் அபூ ஹனீஃபா தீனவரீ (ரஹ்)



ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றித் திரும்பிய பெரியவர் ஒருவரிடம், மக்காவிலிருந்து மதீனா செல்லும் வழியில் என்ன கண்டார் என்று கேட்டுப் பாருங்கள். கருநிற மலைகளையும் மணலையும் கண்டதாகச் சொல்வார். வேறொன்றும் இல்லையென்பார். ரியாதிலும் குவைத்திலும் பணிபுரியும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும். ஆனால், அவர்கள் சென்ற ஊர்தியின் சாளரத்துக்கு வெளியே, பத்தடிக்கு ஒன்றும் இருபதடிக்கு ஒன்றுமாகச் சாம்பல் பூத்த சிறு புதர்கள் நின்றுகொண்டேயிருந்தன. அவை கண்ணில் பட்டன, கருத்தில் படவில்லை. அவற்றுக்குப் பெயர் உண்டென்பதும், ஒவ்வொன்றும் தனக்குரிய நிலத்தைத் தேர்ந்தே நிற்கிறதென்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்பு, அந்தப் புதர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவை எந்த மண்ணில் முளைக்கின்றன, எந்த மழைக்குத் தழைக்கின்றன, எந்த விலங்குக்கு உணவாகின்றன என்றெல்லாம் ஆறு பாகங்கள் கொண்ட பெருநூலாக எழுதி வைத்த ஓர் அறிஞர் இருந்தார். அவர்தாம் அபூ ஹனீஃபா அஹ்மத் இப்னு தாவூத் அத்தீனவரீ (ரஹ்) அவர்கள்.

பெயரைக் கண்டதும், ஹனஃபி மத்ஹபின் தலைவரான இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் உங்கள் நினைவுக்கு வரலாம். அவர்கள் வேறு, இவர் வேறு. இமாமவர்கள் ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) மறைந்தார்கள். நம் கட்டுரைக்குரியவரோ அதற்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்து, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். குன்யத் எனும் சிறப்புப் பெயர் மட்டுமே இருவருக்கும் ஒன்றாக அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

இன்றைய ஈரான் நாட்டின் மேற்குப் பகுதியில், கிர்மான்ஷாஹ் நகருக்கு அண்மையில், தீனவர் என்றோர் ஊர் இருந்தது. இப்போது அவ்விடத்தில் இடிபாடுகளே எஞ்சியுள்ளன. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் அது வளம் மிக்க நகரமாக விளங்கிற்று. அந்த நகரிலேயே தீனவரீ தோன்றினார். அவருடைய பாட்டனாரின் பெயர் வனந்த் என்பது. அது அரபுப் பெயரன்று; பாரசீகப் பெயர். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரபு நாட்டுத் தாவரங்களைப் பற்றி அரபு மொழியில் எழுந்த நூல்களுள் தலையாயதை எழுதியவர், அரபு மண்ணில் பிறவாத ஒருவரே.

இளமையில் அவர் ஈராக்கின் கல்வி நகரங்களான கூஃபாவிலும் பஸராவிலும் பயின்றார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த மொழியறிஞர் இப்னுஸ் ஸிக்கீத்திடமும் அவருடைய தந்தையாரிடமும் பாடம் கேட்டார். மொழிக் கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. கணக்கியல், அல்ஜீப்ரா, வானியல், நிலவியல், வரலாறு எனப் பல துறைகளிலும் அவருடைய அறிவு சென்றது. இந்தியக் கணக்கு முறையைப் பற்றியும் கிப்லாவின் திசையைக் காண்பது பற்றியும் நூல்கள் எழுதினார். ஹிஜ்ரி 235-ல் (கி.பி. 849-850) இஸ்ஃபஹான் நகரில் தங்கி விண்மீன்களைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்தார். அவர் எழுதிய 'அல்-அக்பாருத் திவால்' எனும் வரலாற்று நூல் இன்றும் கிடைக்கிறது. ஆயினும், இவை அனைத்தினும் மேலாக அவரை நிலைநிறுத்தியது 'கிதாபுந் நபாத்', அதாவது தாவர நூல், என்னும் படைப்பேயாகும்.

இந்நூல் ஏன் எழுந்தது?

விண்மீன்களைக் கண்டவர் ஏன் முட்செடிகளைத் தேடிச் சென்றார் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு அக்காலச் சூழலை அறிதல் வேண்டும்.

இஸ்லாம் பாரசீகத்துக்கும் எகிப்துக்கும் அதற்கப்பாலும் பரவியபோது, குர்ஆனின் மொழியைப் பிழையற அறிய வேண்டிய தேவை எழுந்தது. திருமறையில் ஸித்ர் என்ற இலந்தை வருகிறது, தல்ஹ் வருகிறது, அஸ்ல் வருகிறது. பழைய அரபுக் கவிதைகளிலோ வரிக்கு வரி புதர்களின் பெயர்கள். நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவை வெறும் ஒலிகளாகவே இருந்தன. பாக்தாதின் கடைத்தெருவில் நடப்பவன் அர்ஃபஜ் செடியை எங்கே கண்டான்? ஆகவே மொழியறிஞர்கள், இப்பெயர்களை நாவில் வைத்திருந்த நாட்டுப்புற அரபிகளைத் தேடிச் சென்றனர். பஸரா நகரின் பாலைவன விளிம்பில் மிர்பத் என்றொரு சந்தை இருந்தது. ஒட்டகங்களோடு அங்கு வந்திறங்கும் பதவிகளிடம், அதாவது பாலைவன மேய்ப்பர்களிடம், அறிஞர்கள் சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டனர். அஸ்மயீ போன்ற பெரியோர்கள் செடிகளைப் பற்றிச் சிறு நூல்களும் இயற்றினர்.

தீனவரீக்கு மூலமாக அமைந்தவர்களுள் அபூ ஸியாத் அல்-கிலாபீ என்பவரின் வரலாறு உள்ளத்தை உருக்குவது. அவர் பாலைவனத்து மனிதர். கலீஃபா மஹ்தியின் காலத்தில் (கி.பி. 775-785) அவருடைய குலத்தார் வாழ்ந்த நிலத்தைப் பஞ்சம் பீடித்தது. பிழைப்புத் தேடிப் பாக்தாதுக்கு வந்தவர், நாற்பதாண்டுகள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மறைந்தார். ஊரை விட்டு வந்தவர் ஊரின் செடிகளை மறக்கவில்லை. மணம், நிறம், முள், பூ எல்லாம் அவருடைய நினைவில் அப்படியே இருந்தன. அவர் நூலில் பதிந்து வைத்ததைப் பின்னாளில் தீனவரீ எடுத்துக்கொண்டு, ஒவ்வோரிடத்திலும் அவருடைய பெயரைச் சொல்லியே எழுதினார்.

முன்னோர் நூல்களோடு தீனவரீ மனநிறைவு கொள்ளவில்லை. ரபீஆ குலத்து அரபி ஒருவர் தமக்குச் சொன்னதையும், ஸராத் மலைநாட்டார் ஒருவர் சொன்னதையும், ஓமான் நாட்டார் ஒருவர் சொன்னதையும் தனித்தனியே குறித்தார். எழுத்தறியாத ஆட்டிடையனின் சொல், எழுத்தறிந்த இலக்கண ஆசிரியரின் சொல்லுக்குப் பக்கத்தில் அதே மதிப்போடு அமர்ந்தது. கணிதமும் வானியலும் கற்ற ஒருவர், ஒட்டகம் மேய்ப்பவரின் முன் மாணவராக அமர்ந்தாரென்றால் அந்தப் பணிவை என்னென்பது!

புதர்களின் ஒழுங்கு

அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது, பாலைவனம் வெட்டவெளியன்று, ஒழுங்கமைந்த குடியிருப்பு என்ற உண்மை நமக்குப் புலனாகிறது.

முதலாவதாக, ஒவ்வொரு செடிக்கும் அது முளைக்கும் இடத்தை அவர் குறிப்பிடுகிறார். மணற்குன்று, கெட்டித் தரை, கரடுமுரடான மேடு, சமவெளி, உவர்நிலம், ஓடைப்படுகை, மலைச்சரிவு என்று நிலங்களைப் பதவிகள் பிரித்தறிந்திருந்தனர். நம் தமிழ் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மரமும் பூவும் வகுத்ததை இங்கு நினைத்துப் பாருங்கள். கழா என்னும் பெரும்புதரும் அர்தா என்னும் புதரும் ஆழ்ந்த மணலுக்குரியவை. அர்ஃபஜ் சமவெளிக்குரியது. ஸமுர் என்ற முள்மரம் சரளைக்கல் நிறைந்த ஓடைகளையும் சரிவுகளையும் நாடும். இன்றைய தாவர அறிவியலார் அரபு நாட்டை அளந்து வரைந்த படங்களும் இந்தப் பாகுபாட்டையே காட்டுகின்றன.

இரண்டாவதாக, செடிகளை அவர்கள் இரு பெருங்கூட்டங்களாகப் பிரித்தனர். உவர்ப்புச் சுவையுடையவை ஹம்ழ்; உவர்ப்பற்றவை குல்லா. ஒட்டகத்துக்குக் குல்லா அன்றாட ரொட்டி போன்றது என்றும், ஹம்ழ் அதற்குப் பழம் போன்றது என்றும் பதவிகள் வழக்கமாகச் சொல்வார்கள். குல்லாவை மேய்ந்து சலித்த ஒட்டகத்தை ஹம்ழ் உள்ள இடத்துக்கு ஓட்டிச் செல்வது மேய்ப்பரின் கடமை. ஆயினும் ஹம்ழையே தொடர்ந்து தின்றால் தீங்கு நேரும். ரிம்ஸ் என்னும் உவர்ப்புதரைப் பசியோடு மிகுதியாகத் தின்ற ஒட்டகத்துக்கு வயிற்றுநோய் காணும். அந்த நோயைக் குறிக்கவே அரபு மொழியில் அச்செடியின் பெயரிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்துள்ளது.

இந்தப் பிரிவு வெறும் சுவையைப் பொறுத்ததன்று. ஹம்ழ் இனத்தில் பெரும்பாலானவை, நம் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரை உப்பளங்களில் வளரும் உமரிக்கு உறவானவை. மண்ணிலுள்ள உப்பைத் தம் சதைப்பற்றுக்குள் இழுத்துச் சேமித்துக்கொண்டு, அதன் வலிமையால் வறண்ட மண்ணிலிருந்தும் நீரை உறிஞ்சுகின்றன. பிற செடிகள் மடியும் உவர்மண்ணில் அவை வாழ்வதன் இரகசியம் இதுவே. ஒட்டகத்தின் நாக்கும் மேய்ப்பனின் கண்ணும் கண்டறிந்த வேறுபாட்டை, பிற்கால அறிவியல் செடியின் உடலுக்குள் கண்டது.

மூன்றாவதாக, காலத்தை நோக்குங்கள். விண்மீன்களின் எழுச்சியையும் மறைவையும் மழைக்காலத்தோடு பொருத்திப் பார்க்கும் அன்வா என்னும் மரபறிவைப் பற்றியும் தீனவரீ தனி நூல் எழுதியிருந்தார். கார்த்திகை மீன்கூட்டம் விடியற்காலையில் மேற்கே மறையும் பருவத்தில் பெய்யும் முதல் மழைக்கு வஸ்மீ என்று பெயர். நிலத்தின்மீது பசுமையால் அடையாளமிடுகிற மழை என்பது அதன் பொருள். அரபு நாட்டின் உட்பகுதியில் பெரும்பாலான இடங்களில் ஓராண்டில் பெய்யும் மழை நூறு மில்லிமீட்டருக்கும் குறைவு. சில இடங்களில் ஆண்டுக் கணக்கில் மழையே பெய்யாது. ஆனால் வஸ்மீ தக்க காலத்தில் பெய்துவிட்டால், மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த விதைகள் சில நாட்களில் முளைக்கின்றன. இலையுதிர்த்துக் காய்ந்த குச்சிகளாக நின்ற அர்ஃபஜ் மீண்டும் துளிர்க்கிறது. வானத்தைப் பார்த்தவரே பூமியையும் பார்த்ததற்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். பாலைவனவாசிக்கு அவை இரண்டும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

நெருப்பும் காளானும்

கிதாபுந் நபாத்தின் ஒரு பகுதி அகரவரிசையில் செடிகளை விவரிக்கிறது. மற்றொரு பகுதி, பொருள் வாரியாக அமைந்த இயல்களைக் கொண்டது. மேய்ச்சல், வெட்டுக்கிளி, பிசின், தோல் பதனிடுதல், சாயம், நறுமணம், மிஸ்வாக் குச்சி, கயிறு, தேனீ, வில்லும் அம்பும் என்று மனித வாழ்வு முழுவதையும் செடியோடு இணைத்து அவர் எழுதினார்.

நெருப்பைப் பற்றிய இயலுக்கு வாருங்கள். பசுமரத்திலிருந்து நெருப்பை உண்டாக்கிய இறைவனின் ஆற்றலைத் திருமறை யாஸீன் அத்தியாயத்தில் நினைவூட்டுவதை நீங்கள் ஓதியிருக்கிறீர்கள். அதற்கு விளக்கம் எழுதியவர்கள் மர்க், அஃபார் என்னும் இரு தாவரங்களைக் குறிப்பிடுவர். மர்க் என்பது இலைகளின்றிப் பசுங்குச்சிகளாகவே மணலில் நிற்கும் புதர். இலை இருந்தால் நீர் ஆவியாகிவிடும். ஆகவே அந்தச் செடி தன் தண்டினாலேயே இலையின் வேலையைச் செய்துகொள்கிறது. அதன் குச்சியை மற்றொன்றோடு கடைந்து அரபிகள் தீ உண்டாக்கினர்.

எந்த விறகில் எந்த நெருப்பு என்பதும் அவர்களுக்குத் தெரியும். கழாவின் கங்கு நெடுநேரம் அணையாது. உள்ளத்தில் கனலும் துயரத்துக்குக் கவிஞர்கள் அதையே உவமையாக்கினர். அர்ஃபஜோ இதற்கு நேர்மாறானது. சட்டென்று மூண்டு எரியும், சட்டென்று தணியும். அதன் முன் குளிர்காய அமர்ந்தவர், சுடர் எழும்போது பின்னே நகர்வார். தணிந்ததும் முன்னே நகர்வார். அதனால் அதற்கு இரண்டு நகர்தல்களின் நெருப்பு என்றே பெயர் வைத்தனர். அதே அர்ஃபஜின் தோற்றத்தையும் நூல் வரைந்து காட்டுகிறது. சாம்பல் கலந்த பசுமை, மஞ்சள் பூ, இனிய மணம், முள்ளில்லாமை. குவைத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் உடனே அடையாளம் காண்பார்கள். அந்நாட்டின் தேசிய மலர் இந்த அர்ஃபஜேயாகும்.

இனிக் காளானைப் பற்றிய செய்தி. மண்ணுக்கடியில் கிழங்கைப்போல் விளையும் கம்ஆ என்ற காளான் அரபிகளுக்கு அருமையான உணவு. நபிமொழிகளிலும் இது இடம் பெற்றுள்ளது. கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கஸீஸ் என்னும் சிறு செடி எங்கே இருக்கிறதோ அங்கே தோண்ட வேண்டும். காலடித் தடத்தைப் பின்பற்றி ஆளைக் கண்டுபிடிப்பதுபோல, இந்தச் செடியைக் கொண்டு காளானைக் கண்டுபிடிப்பதால்தான் அதற்கு இப்பெயர் வந்ததாகச் சிலர் கருதுவதை தீனவரீ குறிப்பிடுகிறார். இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் இதன் காரணத்தை விளக்கினர். பாலைவனத்துச் சிறு புதர்ச்செடிகள் சிலவற்றின் வேரோடு இந்தக் காளானின் நூலிழைகள் பின்னிப் பிணைந்திருக்கின்றன. காளான் மண்ணிலிருந்து நீரும் சத்தும் திரட்டித் தருகிறது. செடி தான் சமைத்த உணவைப் பகிர்ந்தளிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வாழ்கின்றன.

ஒரு புதர், ஓர் ஊர்

செடிகளுக்கிடையே இத்தகைய உறவு இது ஒன்று மட்டுமன்று. புதர்கள் ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா? தரைக்கு மேலே தெரியும் வெற்றிடம் தரைக்குக் கீழே வெற்றிடமன்று. அங்கே வேர்கள் பரந்து கிடக்கின்றன. பெய்யும் சிறிதளவு நீர் எத்தனை செடிகளுக்குப் போதுமோ அத்தனை செடிகளே அங்கு நிலைக்கின்றன.

காற்று வீசும்போது புதரில் மோதி வேகம் குறைகிறது. தூக்கி வந்த மணலை அதன் அடியில் இறக்கிவிடுகிறது. அப்படிச் சேரும் மேட்டை அரபிகள் நப்கா என்பர். உதிர்ந்த இலை, பறவை எச்சம், காற்றில் வந்த விதை யாவும் அந்த மேட்டில் தங்குகின்றன. புதரின் நிழலில் வெப்பம் தணிகிறது. ஈரம் சற்று நீடிக்கிறது. மழைக்குப் பின் வெட்டவெளியில் கருகிவிடும் இளநாற்று அந்த நிழலில் பிழைத்துக்கொள்கிறது. வண்டும் பல்லியும் எலியும் அங்கே வளை தோண்டுகின்றன. கழாக் காட்டில் பதுங்கும் ஓநாய் மிகப் பொல்லாதது என்று அரபிகள் பழமொழியாகவே வழங்கினர். ஓநாய் பதுங்குமளவுக்கு அங்கே புதரடர்த்தியும் இரையும் இருந்தன என்பது இதனால் விளங்கும். சுருங்கச் சொன்னால், ஒரு புதர் ஓர் ஊர். அதை வேரோடு பிடுங்கினால் ஓர் ஊரே குடிபெயர்கிறது.

அறியாததை அறியாதென்ற நேர்மை

தீனவரீயைப் புகழும்போது நடுநிலையும் வேண்டும். அவருக்குப் பின் வந்த வானியல் மேதை அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ, தீனவர் நகருக்கே சென்று அவர் வாழ்ந்த இல்லத்தைக் கண்டவர். விண்மீன்களைப் பொறுத்தவரை தீனவரீ நேரில் ஆராய்ந்ததைவிட முன்னோர் சொன்னதையே பெரிதும் நம்பினார் என்று அவர் குறை கூறியுள்ளார். தாவர நூலிலும் கண்டதைவிடக் கேட்டதே மிகுதி என்பது உண்மை.

ஆனால் கேட்டதை எப்படி எழுதினார் என்பதைப் பாருங்கள். யாரிடம் கேட்டார் என்று சொல்கிறார். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் தருகிறார். ஒரு செடியின் பெயர் மட்டும் கிடைத்து அதன் தோற்றத்தைச் சொல்வார் கிடைக்காதபோது, அதன் வருணனை தம்மை எட்டவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிவிடுகிறார். கற்பனையால் இடைவெளியை நிரப்பியிருந்தால் அன்று கேட்பார் எவருமில்லை. அவர் அதைச் செய்யவில்லை. பிற்காலத்தவர் அவரை நம்பியதற்கு இந்த நேர்மையே காரணம் எனலாம். எழுத்தாளர் அபூ ஹய்யான் தவ்ஹீதீ, தத்துவ ஞானிகளின் அறிவும் அரபிகளின் சொல்வளமும் ஒருங்கே அமைந்தவர் என்று தீனவரீயைப் போற்றினார்.

ஹிஜ்ரி 282-ல் (கி.பி. 895) அப்பெருமகனார் வஃபாத்தானார்.

சிதறிய நூல் சேர்ந்த கதை

அவருக்குப் பின் அவருடைய நூலுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஆறு பாகங்களும் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. போர்களிலும் பெயர்ச்சிகளிலும் பெரும்பகுதி மறைந்தது. ஆயினும் அறிஞர்கள் தத்தம் நூல்களில் அவரிடமிருந்து எடுத்தெழுதிக் கொண்டிருந்தனர். ஸ்பெயின் நாட்டின் இப்னு ஸீதா (மறைவு 1066) தம் அகராதிகளில் எடுத்தாண்டார். அவர் கண்பார்வையற்றவர். தாம் காணாத செடிகளின் நிறத்தையும் வடிவத்தையும் கண்ணில்லாத அவர் காத்துத் தந்தார். மருந்து மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் (மறைவு 1248) எடுத்தாண்டார். 'லிஸானுல் அரப்' பேரகராதியின் ஆசிரியர் இப்னு மன்ளூர் (மறைவு 1311) எடுத்தாண்டார்.

1908-ல் ஜெர்மானிய ஆய்வாளர் புரூனோ சில்பர்பெர்க் இச்சிதறல்களைத் தொகுத்து ஆராய்ந்தார். 1953-ல் பெர்ன்ஹார்ட் லெவின் என்ற அறிஞர், கையெழுத்துப் படியாகக் கிடைத்த அகரவரிசைப் பகுதியின் முற்பாதியைச் சுவீடன் நாட்டு உப்சாலாவில் வெளியிட்டார்; 1974-ல் இயல்கள் அடங்கிய பகுதியையும் பதிப்பித்தார். அகரவரிசையின் பிற்பாதி கிடைக்கவேயில்லை. அதை மீட்டுத் தந்தவர் நம் இந்திய மண்ணில், ஹைதராபாத்தில் 1908-ல் பிறந்த மார்க்க அறிஞர் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (ரஹ்) அவர்கள். பல்வேறு நூல்களில் சிதறிக் கிடந்த தீனவரீயின் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, செடி செடியாக அடுக்கி, 1973-ல் கெய்ரோவில் வெளியிடச் செய்தார்கள். இரு பதிப்புகளையும் சேர்த்தால் செடிகளைப் பற்றிய பதிவுகள் ஆயிரத்தைத் தாண்டும்.

நூல் மீண்டது, செடிகள்?

நூல் மீண்டது. ஆனால் அந்நூலுக்குள் இருக்கும் செடிகள் இருபதாம் நூற்றாண்டில் நிலத்திலிருந்து மறையத் தொடங்கின. இதனை நீங்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

முற்காலத்தில் மேய்ப்பர் ஓரிடத்தில் நிலைத்து நிற்க முடியாது. நீர் தீர்ந்தால் புறப்பட்டே ஆகவேண்டும். அந்த இடைவேளையில் புதர்கள் தேறிக்கொண்டன. தண்ணீர் வண்டிகளும் சரக்கு ஊர்திகளும் வந்தபின், மந்தைகள் பெருகி ஒரே இடத்தில் நின்று மேய்ந்தன. விறகுக்காகக் கழாவும் அர்தாவும் வெட்டப்பட்டன. மணல்வெளியில் வேடிக்கைக்காக ஓட்டப்பட்ட ஊர்திகள் அர்ஃபஜை நசுக்கின. குவைத்தில் ஒரு காலத்தில் பரந்து நின்ற அர்ஃபஜ் நிலங்கள் பெரிதும் சுருங்கிவிட்டன. புதர் போனதும் நப்கா மேடு கரைந்தது, மணல் பறந்தது, மணலோடு விதைகளும் பறந்தன. ஒட்டகமும் ஆடும் தீண்டாத செடிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதற்கு மருந்து புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கு மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்காகக் காப்பு நிலமாக்கினார்கள். இத்தகைய காப்பு நிலத்துக்கு ஹிமா என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் ரபதாவில் ஹிமா அமைத்தபோது, சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உடைய எளியவர்களை உள்ளே விடுமாறும், செல்வர்களின் பெருமந்தைகளை விலக்குமாறும் காவலருக்குக் கட்டளையிட்டார்கள். செல்வர்களுக்கு வேறு வழியுண்டு, எளியவருக்கு இல்லை என்பதே அதன் நியாயம். இந்த முறை பல நூற்றாண்டுகள் அரபு நாட்டில் நிலவி, 1950-களுக்குப் பின் பெரிதும் கைவிடப்பட்டது.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சவூதி அரேபியாவில் தாயிஃபுக்கு வடகிழக்கே மஹாஸதுஸ் ஸைத் என்னும் பரப்பை 1989-ல் வேலியிட்டுக் காத்தார்கள். மந்தைகள் விலகியதும் புல்லும் புதரும் மீண்டெழுந்தன. காட்டிலிருந்து அற்றுப்போயிருந்த அரபு நாட்டு வெண்மான்கள் 1990-ல் அங்கே மீண்டும் விடப்பட்டன. இப்போது அந்நாட்டில் உரிமமின்றி மரமும் புதரும் வெட்டுவோருக்கு அபராதம் விதிக்கப்படுகிறது.

அன்பர்களே! எந்தச் செடியை எங்கே மீண்டும் நடுவது என்ற கேள்வி எழும்போது, மணலுக்குரியதைக் கெட்டித் தரையில் நட்டால் அது பிழைக்காது. உவர்நிலத்துக்குரியதை இனிப்பு மண்ணில் நட்டு நீரை வீணாக்குவதும் தகாது. எது எங்கே வளரும் என்பதை ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன் ஒரு மேய்ப்பர் சொன்னார். ஓர் அறிஞர் பொறுமையோடு கேட்டு எழுதினார். மேய்ப்பரின் பெயரைக்கூடப் பல இடங்களில் நாம் அறியோம். அவருடைய குலப்பெயர் மட்டுமே நிற்கிறது. ஆனால் அவர் அறிந்தது அழியவில்லை.

அடுத்த முறை உங்கள் கையில் மிஸ்வாக் குச்சியை எடுக்கும்போது ஒரு கணம் நின்று எண்ணுங்கள். அது அராக் என்னும் பாலைவனப் புதரின் வேர். நம் நாட்டு வறண்ட நிலங்களிலும் உகாய் என்ற பெயரில் அது வளர்கிறது. உங்கள் ஊர்ப்புறத்தில் அதை அடையாளம் காட்டக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். அவர் ஆடு மேய்ப்பவராக இருக்கலாம். விறகு பொறுக்குபவராக இருக்கலாம். அவரிடம் சென்று அமருங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு எழுதி, அவருடைய பெயரையும் அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். தீனவரீ (ரஹ்) அவர்கள் தம் வாழ்நாளில் செய்த பணி இதுவேதான்.